பூட்ஸ் போட்ட மழை

அந்தப் பக்கங்கள் தொலையவில்லை. உன்னிடம் இருக்கின்றன. பாணேரில், ஒன்பதாவது மாடியில், உன் எழுத்து மேஜைக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. "ஷிஃப்டிங்ல போச்சு மா" என்று நீ மூன்று முறை சொன்னாய். மூன்று முறையும் பொய். நான்காவது முறை சொல்லிவிடாதே என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைப் பலகை படிக்கிற அளவுக்கு மேல் உனக்குத் தமிழ் வராது. இத்தனை பக்கங்களை நீயாகப் படித்து முடிக்க மாட்டாய். யாரையாவது உட்காரவைத்து வாசிக்கச் சொல்ல வேண்டியிருக்கும். சொல். வாசிக்கிறவருக்கும் தெரியட்டும். ஆங்கிலத்தில் எழுதினால் தனியாகப் படிப்பாய், "நைஸ் மா" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவாய், மூடி வைத்துவிடுவாய். இன்னொரு பிரதியை இந்த ஊர்த் தமிழர்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். அதில் உன் பெயர் இல்லை. போட்டால் உன் புத்தகத்துக்கு அதுவும் ஒரு விளம்பரம் என்று சந்தோஷப்படுவாய், அதனால்தான் போடவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இத்தனை வருஷமாக நீ வேறு மாதிரி சொல்லிப் பழகிவிட்டாய். இந்த மராத்தி ஊரில், கசார்வாடியில், நெடுஞ்சாலைக்குப் பின்புறம், இரண்டாம் மாடியில் நமக்கு ஒன்றரை அறை வீடு. உன் அப்பா பக்கத்துப் பட்டறையில் லேத்தில் இரும்பு கடையும் டர்னர். நான் மாலை நேரத்தில் வீட்டிலேயே இங்கிலீஷ் கிளாஸ் நடத்தினேன். கோயம்புத்தூரில் பி.ஏ. படித்தவள் என்பதால் அந்தக் கட்டடத்தில் எனக்கு 'டீச்சர்' என்று பெயர். நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது நாதர் வந்தான். பாலஸ்தீனப் பையன், பத்தொன்பது வயது, மேற்குக் கரையில் ஓர் அகதி முகாமிலிருந்து இங்கே பி.காம். படிக்க வந்தவன். கல்லூரியில் பாடம் எல்லாம் ஆங்கிலம். அவனுக்கு ஆங்கிலம் நொண்டியது. யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் அவனை எப்படி வரவேற்றேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. மறுநாளே கீழே தொங்கிய போர்டில் 'வெளிநாட்டு மாணவர்களும் படிக்கிறார்கள்' என்று ஒரு வரி சேர்த்தேன். ஒருவன்தான், ஆனால் 'மாணவர்கள்'. பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்களின் கண்ணில் படும்படி அவனை ஜன்னலோரம் உட்காரவைத்தேன். "துபாய் பக்கம், பெரிய இடத்துப் பையன்" என்று சொல்லிக்கொண்டேன். கல் உடைக்கிறவரின் மகன் அவன். அது தெரிந்த பிறகும் நான் போர்டை மாற்றவில்லை. அவனுக்கு வாடகைக்கு அறை கொடுக்க இந்தச் சாலையில் ஒருவரும் தயாராக இல்லை. பெயரைக் கேட்டதும் "வேறு ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்கள். எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு காலியாகத்தான் கிடந்தது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காட்சிக்கு வைக்க அவன் வேண்டும், அக்கம்பக்கத்துக்கு வேண்டாம். நானும் ஒரு நாள் கூட்டத்தோடு நின்றவள்தான் என்பதை உனக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் இதை வைத்து என்னை மடக்கலாம் என்று நினைக்காதே.

உன் அப்பாவுக்கு அவனைப் பிடிக்கும். வியாழக்கிழமை பட்டறைக்கு லீவு, அன்றைக்குக் கரண்டும் இருக்காது. இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து பட்டறை இந்தியில் பேசிக்கொள்வார்கள். "சாச்சா, இங்கே கரண்ட் போனா எல்லாரும் கத்துறாங்க. எங்க ஊர்ல கரண்ட் போனா எல்லாரும் வாயை மூடிக்குவோம்" என்பான். "வாயை மூடற ஊருன்னா எனக்குத் தோதுதான், இங்க உங்க டீச்சர் மூடவே மாட்டீங்கறா" என்று உன் அப்பா என்னைப் பார்ப்பார். நாதர் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் பாதி மரியாதைக்கு. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

வாரம் ஒரு காம்போசிஷன் கொடுப்பேன். 'என் வீடு' என்று ஒரு தலைப்பு. பிள்ளைகள் எழுதினார்கள்: என் வீட்டில் நான்கு ஜன்னல், ஒரு டிவி. நாதர் ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். அதுவரை அரைப் பக்கத்துக்கு மேல் எழுதியவன் இல்லை.

அந்த ஆறு பக்கத்தில் என்ன இருந்தது என்று இங்கே எழுதுகிறேன். நீ அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார். அவனுக்குப் பன்னிரண்டு வயது. மாதக் கணக்கில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. ஊரடங்கு. பாடப் புத்தகத்தோடு போகிற பிள்ளையைப் பார்த்தாலே ராணுவத்தான் நிறுத்துவான். அதனால் அடுப்பங்கரையில், பாவாடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த நோட்டில், பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பாடம் நடத்துகிறாள். அந்த ஊரில் பத்திரிகை சுவர்தான். யார் செத்தார்கள், யாரைப் பிடித்துப் போனார்கள், நாளைக்குக் கடையடைப்பா, எல்லாம் சுவரில்தான் வரும். காலையில் ராணுவம் வரும். எந்த வீட்டுச் சுவரில் எழுத்து இருக்கிறதோ அந்த வீட்டு ஆண்பிள்ளையை வெளியே இழுத்துச் சுண்ணாம்பு அடிக்க வைக்கும். இவன் ஒரு நாள் தன் வீட்டுச் சுவரிலேயே எழுதினான். கோஷம் இல்லை. முதல் நாள் குண்டடிபட்டுச் செத்த வகுப்புத் தோழனின் பெயர். பெயர் மட்டும். மற்ற வீட்டுச் சுவரில் எழுதினால் அவர்கள் மாட்டுவார்களே என்று தன் வீட்டைத் தேர்ந்தெடுத்தானாம். அந்த வீட்டில் ஒரு அப்பா இருக்கிறார் என்பதை மறந்துபோனான். பன்னிரண்டு வயது.

பூட்ஸ் வந்தது. கதவை உதைத்தது. யார் எழுதியது என்று கேட்டது. அவன் அப்பா, "நான்தான்" என்றார். எழுதிக் காட்டு என்று தூரிகையைக் கொடுத்தார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. தூரிகையை வாங்கி ஒரு வட்டம் போட்டார். ஒரு ராணுவத்தான் சிரித்தான். பொய் என்று தெரிந்தும் பிடித்துப் போனார்கள். ஆறு மாதம், அப்புறம் இன்னும் ஆறு மாதம். திரும்பி வந்தபோது வலது கை தோளுக்கு மேல் உயரவில்லை. எழுதியது இவன்தான் என்று அப்பாவுக்குத் தெரியுமா, தெரிந்துதான் "நான்தான்" என்றாரா, இல்லை வாசலில் நிற்கிற துப்பாக்கியை எப்படியாவது வெளியே அனுப்பினால் போதும் என்று சொன்னாரா? இவனுக்குத் தெரியாது. கேட்கவில்லை. ஆறாவது பக்கத்தின் கடைசி வரி அதுதான்: நான் கேட்கவில்லை.

உன் அம்மா சிவப்பு மையை எடுத்தாள். காலம் தப்பு, எழுவாய் தப்பு என்று வட்டம் வட்டமாகப் போட்டாள். ஓரத்தில், 'தலைப்பை விட்டு விலகிவிட்டாய். ராணுவம் அவசியமில்லை. வீட்டை வருணிக்கவும்' என்று எழுதினாள். பத்துக்கு நான்கு.

"டீச்சர், ராணுவத்தை எடுத்துட்டா வீட்ல யாரும் இருக்க மாட்டாங்களே?" என்றான், பாதி இந்தியில்.

"பரீட்சைல இதெல்லாம் எழுதக் கூடாது. திருத்தறவங்களுக்குப் பிடிக்காது."

"இதை நான் அரபில எழுதிப் பார்த்தேன். முதல் வார்த்தைலயே அப்பா வந்து நின்னுடறார். இங்கிலீஷ்ல அவருக்கு வழி தெரியல. அதனாலதான் எழுத முடிஞ்சது."

அழகான பதில் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு, நான்கை நான்காகவே வைத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து உன் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வந்தது. 'மறக்க முடியாத நாள்'. உனக்கு மறக்க முடியாத நாள் ஒன்றும் இல்லை. கிரிக்கெட்டில் பல் உடைந்ததை எழுதினாய், எட்டு வரி. நான் அலமாரியிலிருந்து அந்த ஆறு பக்கத்தை எடுத்தேன். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ராணுவம் என்று இருந்த இடத்தில் எல்லாம் மழை என்று போட்டேன். மழை கதவை உதைத்தது. மழை பூட்ஸ் சத்தத்தோடு படி ஏறியது. மழை அப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்தது, கொண்டுபோனது. சுவரில் பெயர் எழுதியதை என்ன செய்வது? கதவைத் தாழிட மறந்த பையன் என்று மாற்றினேன். அந்தத் தூரிகை, அந்த வட்டம், அதை மட்டும் வெட்டினேன். மழை யாரையும் எழுதிக் காட்டச் சொல்லாது.

உன் அப்பா உள்ளே வந்து பார்த்தார். "ஏம்புள்ள, அது நாதர் எழுதுனதல்ல?"

"காம்போசிஷன்தானுங்க. வார்த்தையெல்லாம் மாத்தீட்டேன்."

"நான் கடைஞ்ச பீஸ்ல இன்னொருத்தன் நம்பரப் பஞ்ச் அடிச்சா, அதுக்குப் பேரு என்ன? மாத்தீட்டேன்னு சொல்லுவாங்களா?"

"என்ற பையன் ஒரு பரிசு வாங்கறது உங்களுக்குப் பொறுக்காதே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டார். அவரோடு நான் ஜெயித்த வாக்குவாதங்களில் அது ஒன்று. இப்படி ஜெயித்தவைதான் எனக்கு நினைவில் நிற்கின்றன.

உனக்கு முதல் பரிசு. 'இயற்கையை ஓர் எதிரியாக உருவகித்த குழந்தை மனம்' என்று நடுவர் ஒருவர் எழுதியிருந்தார். பூட்ஸ் போட்ட மழை என்ன ஒரு கற்பனை என்று தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ராணுவம் என்று இருந்தபோது நான்கு மார்க்குக்கு மேல் பெறாத அதே வாக்கியம். மனிதன் மனிதனுக்குச் செய்வதை எழுதினால் அரசியல். மழை செய்தால் இலக்கியம். இந்த ஊரின் படித்த கூட்டம் அன்றும் இப்படித்தான், இன்றும் இப்படித்தான். கஷ்டம் வேண்டும், ஆனால் அதைக் கொடுத்தவன் யார் என்று தெரியக் கூடாது.

கேடயத்தோடு வந்து கிளாசில் எல்லார் முன்னாலும் நின்று நீ அதைச் சத்தமாக வாசித்தாய். நான்தான் வாசிக்கச் சொன்னேன். நாதர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதுகூட என் கர்வத்தில் உறைக்கவில்லை. முடித்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான். பிள்ளைகள் போனதும் பையை மாட்டிக்கொண்டே கேட்டான்:

"எனக்கு நாலு. மழைக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ். இல்லையா டீச்சர்?"

நான் டீ போடட்டுமா என்றேன். அவ்வளவுதான் உன் அம்மாவின் நேர்மை. அதன் பிறகும் அவன் வந்தான். தீபாவளி, தபால்காரர், நான் ஏறிய ரயில் என்று எழுதினான். எட்டும் ஒன்பதும் வாங்கினான். பி.காம். முடித்துவிட்டு ஊருக்குப் போனான். அந்த ஆறு பக்கத்தை அவன் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பழைய ஃபைலில் கிடந்தது. நீ பாணேருக்குக் குடிபோனபோது, "எழுதறதுக்கு யூஸ் ஆகும்மா" என்று அந்த ஃபைலை மொத்தமாக எடுத்துப்போனாய்.

இந்த வருஷம், பழைய விலாசத்துக்கே, அவனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மான் நகரில் இருக்கும் தங்கை மூலமாக அனுப்பியிருந்தான். அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, காது கேட்கிறது, சொல்வது புரிகிறது. டாக்டர் மாதக் கணக்குச் சொல்லியிருக்கிறார், வருஷக் கணக்கு இல்லை. "எத்தனையோ முறை உட்கார்ந்து பார்த்துவிட்டேன் டீச்சர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை. புதிதாக எழுதவும் வரவில்லை. அன்றைக்கு எழுதியது இருந்தால், அதைப் பார்த்து வரிவரியாக மொழிபெயர்த்து வாசித்துவிடுவேன். தெரியுமா தெரியாதா என்று அவர் கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். திருத்தங்களோடு அனுப்பினாலும் பரவாயில்லை." திருத்தங்களோடு என்று எழுதியிருக்கிறான். எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது, அவனோ அதைப் பணிவாகத்தான் எழுதியிருந்தான்.

அன்றே உனக்கு ஃபோன் செய்து கடிதத்தில் இருந்ததையெல்லாம் சொன்னேன்.

"அந்த ஃபைலா? ஷிஃப்டிங்ல போச்சு மா."

"தேடிப் பாரு கண்ணு. ஆறு பக்கம். செகப்பு மை இருக்கும்."

"கித்னி பார் போலூம் மா, எத்தனை தடவை சொல்றது, இல்ல. ஆமா, அவங்க எதுக்கு இப்ப கேக்கறாங்க? புக் பத்தி எதாவது சொன்னாங்களா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு முதல் சந்தேகம். அவன் அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று நீ கேட்கவில்லை. புத்தகத்தைப் பற்றி என்ன சொன்னான் என்று கேட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அச்சுப்படியைக் கொண்டுவந்து, என் மடியில் வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டாய். உன் வாழ்க்கைக் கதை. ஆங்கிலத்தில். முதல் அத்தியாயம் கசார்வாடி வெள்ளம். நாம் இருந்தது இரண்டாம் மாடி. வெள்ளம் லிஃப்டில் வந்ததா? சரி, பூட்ஸ் போட்ட மழை வரும் என்று எதிர்பார்த்துத்தான் படித்தேன். வந்தது. கதவைத் தாழிட மறந்த பையன், அவனும் வந்தான். பதினாறாம் பக்கத்தில் ஒரு நிவாரண முகாம். அதிகாரி கையெழுத்துப் போடச் சொல்கிறார். உன் அப்பா பேனாவை வாங்கி, எழுதத் தெரியாமல், ஒரு வட்டம் போடுகிறார். ஒரு சிப்பந்தி சிரிக்கிறான்.

அந்த வட்டத்தை நான் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டியெறிந்தேன். உன் பரிசுக் கட்டுரையில் அது இல்லை. நான் யாரிடமும் சொன்னதும் இல்லை. அது இருக்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று: தொலைந்துபோனதாக நீ சொல்கிற ஆறு பக்கத்தில் நான்காவது.

அதோடு, உன் அப்பா ஐ.டி.ஐ. படித்தவர். தமிழ், இங்கிலீஷ், மராத்தி மூன்றிலும் கையெழுத்துப் போடுவார். டிராயிங்கில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலும் கண்டுபிடிப்பார். செத்து நான்கு வருஷம் ஆகிறது. உன் முதல் அத்தியாயத்துக்காக அவரை வெள்ளத்தில் விட்டு, எழுத்தறியாதவராகவும் ஆக்கிவிட்டாய். ஒன்பதாவது மாடியில் நின்றுகொண்டு ஏழ்மை வேண்டுமென்றால் உனக்கு எங்கே கிடைக்கும்? அவர் மேலிருந்துதான் உரித்துக்கொள்ள வேண்டும்.

கேட்டேன். "இன்ஸ்பிரேஷன் மா. ரைட்டர்ஸ் எல்லாரும் இப்படித்தான். நீங்கதானே ஸ்டார்ட் பண்ணினீங்க?" என்றாய். ஆமாம், நான்தான். அதனால்தான் உன்னை அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதன் பள்ளிக் கட்டுரையை நீ எழுதிக் கொடுக்காதே. அது எட்டு வரி எழுதட்டும். பல் உடைந்ததை எழுதட்டும். எட்டு வரியோடு வளர்ந்திருந்தால் நீயும் ஒழுங்கான, சாதாரணமான, வேலைக்குப் போய்வருகிற ஒரு ஆளாக இருந்திருப்பாய். எழுத்தின் வலிமை என்று உன் முன்னுரையில் இரண்டு பக்கம் அளக்கிறாய். அது என்னவென்று உனக்கு என்ன தெரியும்? ஒரு பெயரைச் சுவரில் எழுதியதற்கு ஒரு வீடு ஒரு வருஷம் கொடுத்தது. நீ ஒரு புத்தகம் எழுதினாய், உன் வீட்டில் ஏசிகூட நிற்கவில்லை.

புத்தகத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நிறுத்த மாட்டாய். அந்தப் பக்கங்கள் வெளியே போனால் அச்சாபீசுக்கு யாராவது அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறாய். அவனுக்கு உன் புத்தகம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவனுக்கு வேண்டியது, ஒரு கிழவர் மூச்சை நிறுத்துவதற்குள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பது.

நேற்று அம்மானிலிருந்து அவன் தங்கை ஃபோன் செய்தாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். "அண்ணன் கேக்கச் சொன்னான், டீச்சர். கிடைச்சுதா?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உன் பள்ளிக் கட்டுரையை நான் எழுதினேன், முதல் வேலைக்கு விண்ணப்பத்தை நான் எழுதினேன், உன் பொய்யையும் இதுவரை நான்தான் எழுதிவந்திருக்கிறேன். நாதருக்கான பதிலை மட்டும் என்னால் தனியாக எழுத முடியவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு ஐந்து முறை ஃபோன் அடித்துவிட்டேன், எடுக்கவில்லை. நாதருக்கு என்ன எழுதட்டும்? நீ சொல், அப்படியே எழுதுகிறேன்.